முப்பத்தேழு மெகாஹெர்ட்ஸில் ஒரு புகார்

அனுப்பியதில் பாதி
போன கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது,
மூன்று வாரமாக.

ஒன்றரை மெகாவாட்.
குழாய்க்குள் குழாயாகச் செம்பு,
அறுபது மீட்டர் ஓடி, முற்றம் கடந்து, சுவர் துளைத்து
ஆன்டெனாவின் வாயில் போய் நிற்கும்.
எதிரே பிளாஸ்மா.
காந்தக்கோட்டைச் சுற்றும் அயனியின் அதே தாளத்தில்
தட்டினால்தான் திறக்கும் அது.
நொடிக்கு மூன்று கோடியே எழுபது லட்சம் தட்டு.
தாளம் பிசகினால்
யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று
பேசாமல் இருந்துவிடும்.

திரும்பும் அலை சும்மா வராது.
ஜெனரேட்டரின் குழலைச் சுடுமுன்,
சில மைக்ரோ நொடிக்குள்
பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் அறுத்துவிடும்.
திரையில் சிவப்பு.
வீப்கே பேனாவை மூடுவாள்.
அந்தச் சின்ன 'டக்'
எனக்குக் கனவிலும் கேட்டது.

கிரைஃப்ஸ்வால்டில் பிப்ரவரி.
எல்லாவற்றையும் சந்தேகித்தோம்.
பீங்கான் சன்னலை. இசைவு மோட்டாரை.
ஒருமுறைகூட நேரில் வராத மென்பொருள்காரனை.
சொல்லாமல், ஒருவரையொருவர்.
அதிகமாகப் பழித்தது பிளாஸ்மாவைத்தான்:
விளிம்பில் அடர்த்தி போதவில்லை,
பிடிவாதம் பிடிக்கிறது,
இன்றைக்கு மனநிலை சரியில்லை.

அறிவிப்புப் பலகையில்
சிரிப்பதற்காக ஹென்னிங் குத்தி வைத்திருந்தான்
எக்கெர்ட் பிராண்ட்ஹோஃபின் கடிதங்களை.
வீக்கில் தூக்குப்பாலம் காப்பவர்.
இரவில் படகு வராத நேரங்களில்
யாரும் பேசாத அலைவரிசைகளைக் கேட்பது
அவர் பொழுதுபோக்கு.
'மதிப்பிற்குரிய விஞ்ஞானிகளே,
உங்கள் செயற்கைச் சூரியன்
என் காதுக்குள் வறுபடுகிறது.'

ஐந்தாவது கடிதத்தோடு
கட்டம் போட்ட குறிப்பேட்டின் நான்கு தாள்.
தேதி. மணி, நிமிடம், நொடி.
சத்தத்தின் நீளம்.
கடைசிப் பத்தியில், யார் கேட்டார்களோ,
வெளியே எத்தனை டிகிரி.

அதிகாலை மூன்று மணி, செய்ய வேறொன்றுமில்லை.
எங்கள் பதிவை அதன் பக்கத்தில் வைத்தேன்.
பத்தொன்பது வெட்டு.
பத்தொன்பது கரகரப்பு.
ஒவ்வொன்றும் எங்களுக்கு இரண்டு நொடி முன்னால்.
எல்லாமே
பூச்சியத்துக்குக் கீழே இறங்கிய இரவுகளில்.

எழுநூறு உணரி வைத்திருந்தோம்.
முற்றத்துக் குளிரைக் கேட்க
ஒன்று வைக்கவில்லை.

விடிந்ததும் வெளிச்சுவர் இணைப்பைத் திறந்தோம்.
குளிரில் செம்பு தன்னைச் சுருக்கிக்கொண்டு
அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது.
நாற்பத்தெட்டு வில்விரல்களில் ஒன்று
கருகி, எரிந்த தீக்குச்சியின் தலை மாதிரி.
அந்த இடுக்கில் தீப்பொறி பாய்ந்து
அலை கசிந்து வானத்துக்குப் போயிருக்கிறது,
வானத்திலிருந்து பாலத்துக்கு.
பிளாஸ்மாவுக்கு
நாங்கள் தட்டியதே சரியாகக் கேட்டிருக்காது.

வீப்கே விரலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
'இதுக்கா,' என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு, கழித்தல் ஒன்பது டிகிரி.
இருநூறு கிலோவாட். ஐந்நூறு.
திரும்பியது நூற்றில் இரண்டு.
ஒன்றரை மெகாவாட்.
பதினோரு நொடி
அயனி வெப்பத்தின் கோடு ஏறிக்கொண்டே போனது,
மாடிப்படியில் பேச்சுக்குரல் ஏறுவதுபோல.
ஹென்னிங் எழுந்து நின்றுவிட்டான்.
பேனா திறந்தே கிடந்தது.
'இன்னொரு தடவை,' என்றாள் வீப்கே.

திங்களன்று எக்கெர்ட்டுக்கு எழுதினேன்.
நன்றி என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதி,
சனிக்கிழமை இரவு ஏதாவது கேட்டீர்களா
என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து அஞ்சலட்டை:
'ஒன்றும் கேட்கவில்லை.
வேலையை விட்டுவிட்டீர்களா?'